சோலையம்மாளின் கோணல் நாக்கு

செல்லூரில் அந்தச் சந்துக்குள் வரும் தண்ணி லாரிக்காரன், குழாயை இறக்குவதற்கு முன்னால் "அந்தக்கா இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வான். இருக்கிறாள் என்றால் கடைசி வீட்டுக் கடைசிக் குடம் வரை நிதானமாகப் பிடித்துவிடுவான். இல்லை என்றால் பாதிச் சந்தோடு குழாயைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவான். அந்தக்கா என்றால் சோலையம்மாள்.

எழுமலையில் பருத்தியும் மொச்சையும் போட்ட வீட்டில் பிறந்து, சிம்மக்கல் மொத்தக் கடையில் மூட்டை தூக்கும் பேயாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். புகுந்த வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தடதடவென்று ஓடும். "இன்னொரு கரண்டி சோறு வேணுமா?" என்று புருஷனிடம் கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். வந்த புதிதில் தொண்டை கட்டிக்கொண்டு கிடந்தவள், தறியோடு போட்டி போட்டு, கடைசியில் தறி நிற்கும் நாளிலும் குரலை இறக்கத் தெரியாதவளாகிவிட்டாள். பேயாண்டி பேசுவதையே குறைத்துக்கொண்டான். வீட்டுக்கு ஒரு வாய் போதும் என்பது அவன் கட்சி.

அந்த வாயைத்தான் சந்தே இரவல் வாங்கியது. ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்றானா, பள்ளிக்கூடத்தில் டி.சி. தர இழுத்தடிக்கிறார்களா, வீட்டுக்காரன் மோட்டாரை நிறுத்திவிட்டானா, சோலையம்மாள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். "சின்னம்மா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றால் போதும். முகம் கழுவி, கொண்டையை இறுக்கிப் போட்டுக்கொண்டு புறப்படுவாள். காசு வாங்க மாட்டாள். சண்டை முடிந்ததும் ஒரு பன்னீர் சோடா வேண்டும், அவ்வளவுதான். அவளிடமும் ஒழுங்குமுறை உண்டு. செத்தவர்களை இழுக்க மாட்டாள், பிள்ளைகளைச் சபிக்க மாட்டாள், ஒரே ஆளை ஒரே வசவால் இரண்டு தடவை வைய மாட்டாள். வைததையே வைதால் அதில் என்ன மரியாதை இருக்கிறது?

அதே சந்தில் நாலு வீடு தள்ளி ஒச்சம்மாள் இருந்தாள். அவள் மகன் அழகுபாண்டி தறி ஓட்டுகிறவன். மருமகள் பவதாரிணி எழுமலைப் பெண், சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பிறந்த ஊர்ப் பிள்ளை என்பதால் சோலையம்மாளுக்கு அவள் மேல் ஒரு பிரியம். இம்புட்டுச் சாதுவாக எழுமலையில் எப்படிப் பிறந்தது என்று ஒரு வருத்தமும் உண்டு.

ஒருநாள் சாயங்காலம் பவதாரிணி யாரோ ஒருத்தனுடைய பைக்கிலிருந்து சந்துமுனையில் இறங்கியதை ஒச்சம்மாள் பார்த்துவிட்டாள். கடைக்குச் சரக்கு கொண்டுவரும் செல்வக்குமார், பஸ் வரவில்லை, இறக்கிவிட்டுப் போனான் என்று பவதாரிணி சொன்னாள். ஒச்சம்மாள் அதை வைத்து ஒரு வாரம் அடுப்பு எரித்தாள். ஊர் கூடிவிட்டது. கடைசியில், "குத்தமில்லாதவன்னா கருப்பசாமி முன்னால சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லு" என்றாள்.

பவதாரிணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. சோலையம்மாளுக்குப் பொறுக்கவில்லை. பிறந்த ஊர்க்காரி ஒருத்தி பெண்ணுக்காகச் சத்தியம் பண்ணலாம், அதற்கு வழக்கம் உண்டு. விறுவிறுவென்று தெருமுனைக் கோயிலுக்குப் போனாள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "இவ மேல ஒரு குத்தமும் இல்ல. இருந்தா என் நாக்கு இழுத்துக்கிரட்டும்!" என்றாள். இன்னது இழுக்கட்டும் என்று சாமிக்கு விவரம் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அளவாகப் பேசித்தான் அவளுக்குப் பழக்கமில்லையே.

சத்தியத்தோடு வழக்கு தீர்ந்தது. தீர்ந்ததை அப்படியே விட்டிருக்கலாம். சில வாரம் கழித்து, குழாயடியில் ஒச்சம்மாள் ஜாடை பேசியபோது, சோலையம்மாள் சிறுபிள்ளை மாதிரி நாக்கை முழுதாக நீட்டிப் பழிப்புக் காட்டினாள்.

நாக்கு நேராக வரவில்லை. வலப்பக்கமாக வளைந்து, கடைவாயைப் பார்த்து நின்றது.

"ஆத்தீ! கருப்பன் நாக்கை இழுத்துட்டான்டி!" என்று ஒச்சம்மாள் போட்ட கூச்சலில் தறியே நின்றது. அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். சோலையம்மாள் திரும்பத் திரும்ப நீட்டினாள். நாக்கு திரும்பத் திரும்ப வலப்பக்கமே போனது. வீட்டுக்குள் ஓடிக் கண்ணாடியில் பார்த்தாள். வலப்பக்கத்துப் பாதி நாக்கு சுருங்கி வதங்கியிருந்தது, உள்ளே புழு நெளிகிற மாதிரி துடித்தது.

அன்று சாயங்காலமே அழகுபாண்டி பெண்டாட்டியைத் துணிமணியோடு எழுமலைக்குப் போக உசிலம்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டான். அம்மா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவனுக்குப் பழக்கமில்லை. பவதாரிணி அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சோலையம்மாளை உண்மையில் அரித்தது நாக்கு இல்லை, சந்தேகம். நாம் பொய்ச் சத்தியமா பண்ணினோம்? அந்தப் பிள்ளை நம்மை ஏமாற்றிவிட்டதா? இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகத் தன்னையே வைதுகொண்டாள். வைகிறபோது வார்த்தை குழறியது. பல நாளாகவே அப்படித்தான் குழறிக்கொண்டிருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு என்று இருந்துவிட்டாள்.

பேயாண்டிதான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். காது மூக்கு தொண்டைப் பிரிவில் ரோகிணி என்று ஒரு டாக்டரம்மா. நாக்கை நீட்டச் சொன்னாள். 'ஆ' சொல்லச் சொல்லி டார்ச் அடித்து, உண்ணாக்கு நேராக மேலே போகிறதா என்று பார்த்தாள். தொண்டையின் அடியில் குச்சியால் தொட்டபோது சோலையம்மாளுக்குக் குமட்டியது. "நல்லது" என்றாள். குமட்டுவதில் என்ன நல்லது என்று சோலையம்மாள் முறைத்தாள். தோளைத் தூக்கச் சொல்லி மேலே கையை வைத்து அழுத்தினாள், தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொல்லித் தாடையைப் பிடித்தாள். கடைசியில் ஸ்கேன் எடுக்க அனுப்பினாள்.

ஸ்கேன் வந்த பிறகு உட்காரவைத்துச் சொன்னாள். "மூளையில இருந்து பன்னிரண்டு ஜோடி நரம்பு வருதும்மா. அதுல கடைசி நாலு, காதுக்குப் பின்னால, மண்டையோட்டு அடியில பக்கத்துப் பக்கத்துல இறங்குது. ஒரே போஸ்ட்டுல இருந்து நாலு வீட்டுக்குக் கரண்டு வயர் இழுத்த மாதிரி. ஒண்ணு தொண்டைக்கு. சாப்பாடு அங்க வந்திருச்சுன்னு சொல்றது, குமட்ட வைக்கிறது அதுதான். ரெண்டாவது குரலுக்கும் முழுங்குறதுக்கும், அப்படியே நெஞ்சு, வயிறு வரைக்கும் போகும். மூணாவது தோள்பட்டை, கழுத்து. நாலாவது நாக்கை ஆட்டுறதுக்கு. உங்களுக்கு அந்த நாலாவது நரம்புல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கு. புத்துநோய் மாதிரித் தெரியல, பயப்படாதீங்க."

"கட்டி இருக்கட்டும் தாயி. அந்தப் பிள்ளை தப்புப் பண்ணுச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

"எந்தப் பிள்ளை?"

பேயாண்டி கதையைச் சுருக்கமாகச் சொன்னான். அவனுக்கு எதையும் சுருக்கமாகத்தான் சொல்ல வரும். டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றுப்போனாள்.

"இது சத்தியத்தால வந்தது இல்லம்மா. ரெண்டு பேரு சேர்ந்து ஒரு தள்ளுவண்டியைத் தள்ளுறாங்கன்னு வைங்க. வலது பக்கத்து ஆளு கையை எடுத்துட்டா வண்டி எங்க போகும்?"

"வலது பக்கந்தான்" என்றான் பேயாண்டி.

"அதேதான். நாக்குல வலது பாதி வேலை செய்யல, இடது பாதி தள்ளுது. அதனால வலது பக்கம் கோணுது. இந்தக் கட்டி ரொம்ப மெதுவா வளர்றது. நாக்கு இம்புட்டுச் சுருங்கியிருக்கே, வருஷக்கணக்கா இருந்திருக்கும். நீங்க சூடம் அணைக்கிறதுக்கு ரொம்ப முன்னாலேயே."

சோலையம்மாள் நெஞ்சில் கையை வைத்துப் பெருமூச்சு விட்டாள். தலையில் கட்டி இருப்பதைக் கேட்டு அத்தனை நிம்மதியடைந்த மனுஷி அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் இருந்திருக்க மாட்டாள்.

டாக்டரம்மா மீதியையும் மறைக்காமல் சொன்னாள். கட்டியை விட்டால் பக்கத்து நரம்புகளை நசுக்கும், பிறகு முழுங்கவும் முடியாது, பேசவும் முடியாது. எடுத்துவிடலாம். ஆனால் நாக்கின் அந்தப் பாதி திரும்பாது. எடுக்கும்போது குரல் நரம்பில் கை பட வேண்டியிருக்கும், அதனால் குரல் போகலாம். கொஞ்ச நாளில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

சோலையம்மாள் பேசாமல் இருந்தாள். அது பேயாண்டியைக் கட்டியைவிட அதிகம் பயமுறுத்தியது.

"ஒரு வாரம் டயம் குடுங்க" என்றாள் கடைசியில். "ஒரு சண்டை பாக்கி கெடக்கு. அத முடிச்சுட்டு வாரேன்."

மறுநாள் எழுமலைக்குப் போனாள். பவதாரிணி அம்மா வீட்டுக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோலையம்மாள் போஸ்ட், வயர், தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் ஒப்பித்தாள். கேட்டுவிட்டு அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் அழ ஆரம்பித்தாள்.

"அது வியாதி இல்ல சின்னம்மா. என்னாலதான். நான் ஒண்ணும் பண்ணல. ஆனா வண்டியில வாரப்ப, அவரு சாப்பிட்டியானு கேட்டாரு. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. ரெண்டு நாள் அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அதுக்குத்தான் சாமி உங்க நாக்கை..."

ஒரு சாப்பிட்டியாவுக்காக இந்தப் பிள்ளை இம்புட்டு நாளும் உயிரோடு தன்னைப் புதைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. ஆனால் ஆறுதல் சொல்லும் பாஷை அவளுக்கு வராது. தெரிந்த பாஷையில் சொன்னாள்.

"அடி கூறுகெட்டவளே, மனசுல நெனச்சதுக்கெல்லாம் நாக்குக் கோணும்னா மருதையில ஒருத்தன் நேரா நாக்கை வச்சுக்கிட்டுச் சோறு திங்க முடியாதுடி. பூசாரி மொதக்கொண்டு கஞ்சிதான் குடிக்கணும். எந்திரி."

இரண்டு பேரும் செல்லூர் வந்து இறங்கினார்கள். பவதாரிணியைப் பார்த்ததும் சந்து நிறைந்துவிட்டது. ஒச்சம்மாள் படியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். அழகுபாண்டி அவளுக்குப் பின்னால், கதவுக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி.

சோலையம்மாள் கொண்டையை இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தாள். "மதினி, இந்தக் கட்டி வருஷக்கணக்கா இருக்காம், டாக்டரம்மா சொல்லிட்டாக. சத்தியம் பண்றதுக்கு முன்னாலேயே தண்டனை குடுக்குற சாமி எந்த ஊர்ல இருக்கு?"

"நீ பொய்ச் சத்தியம் பண்ணப் போறனு சாமிக்கு முன்னாலேயே தெரியாதாக்கும்?" என்றாள் ஒச்சம்மாள்.

இதற்குப் பதில் எந்த டாக்டரிடமும் கிடையாது. கூட்டம் தலையாட்டியது. சோலையம்மாள் தள்ளுவண்டியை எடுத்தாள். ஆனால் கோபம் ஏற ஏறக் குழறல் கூடியது. ரகரமும் டகரமும் வழுக்கின, நரம்பு என்ற வார்த்தை வாய்க்குள்ளேயே சுருண்டுகொண்டது. ஒரு பொடியன் சிரித்தான். பிறகு நாலு பேர் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அவள் சண்டையில் மற்றவர்கள் சிரித்ததுண்டு, அவளைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. அவள் முகம் கறுத்துப்போயிற்று. கடைசிச் சண்டையில் தோற்கப் போகிறோம், நம்மோடு இந்தப் பிள்ளையும் தோற்கப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"மறுபடியும் சூடம் அணைக்கச் சொல்லு பாப்போம்!" என்று ஒச்சம்மாள் கூவினாள்.

"அணைக்க மாட்டேன்."

யார் பேசியது என்று எல்லோரும் தேடினார்கள். பவதாரிணியின் குரலை அந்தச் சந்தில் பாதிப் பேர் கேட்டதே இல்லை.

"ஆமா, அந்த வண்டியில வந்தேன். பஸ் வரல. அவரு சாப்பிட்டியானு கேட்டாரு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்து அத ஒருத்தரும் என்னையக் கேட்டதில்ல. கேட்டது நல்லா இருந்துச்சு. அம்புட்டுதான் நடந்தது. இது குத்தம்னா சாமி என் நாக்கை இழுக்கட்டும். சின்னம்மாவுக்கு ஆப்பரேசன், குரலே போனாலும் போயிருமாம். நான் அவுகளோடதான் இருக்கப் போறேன். இவரு வந்து என்னையக் கூப்பிடட்டும், வாரதா வேண்டாமானு அப்ப பாத்துக்கிறேன்."

குரல் உடைந்தது. ஆனால் ஒரு வார்த்தைகூடக் குழறவில்லை. அழகுபாண்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒச்சம்மாள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். சோலையம்மாள் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். அன்று அவள் சோடா கேட்கவில்லை.

ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. கட்டி வந்துவிட்டது, பயந்த மாதிரியே குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் பஞ்சரான டியூப் மாதிரி காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. கெட்டியாகக் கரைத்த கஞ்சியை, தாடையை நெஞ்சோடு தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கப் பழக்கினார்கள். பவதாரிணி பக்கத்திலேயே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும், கடைக்குப் போய்வரும் நேரம் போக, கூடவே இருந்தாள். குரலுக்கான பயிற்சியைத் தினமும் பண்ணச் சொல்லிப் பிடுங்கி எடுத்தாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அழகுபாண்டி ஒரு தூக்குவாளியோடு வாசலில் வந்து நின்றான். என்ன பேசுவதென்று தெரியாமல் தூக்குவாளியை நீட்டினான். "தப்புதான்" என்றான், தறிச் சத்தத்தில் அவனுக்கே கேட்காத குரலில்.

பவதாரிணி சோலையம்மாளைப் பார்த்தாள். சோலையம்மாள் வாயைத் திறந்தாள், காற்று வந்தது, மூடிக்கொண்டாள்.

"சின்னம்மாவுக்குக் குரல் வந்து, என்னையப் போடின்னு சொல்லட்டும். அப்ப வாரேன்" என்றாள் பவதாரிணி. "அதுவரைக்கும் நீங்க சாப்பாடு கொண்டாங்க."

அன்று முதல் அழகுபாண்டி வேலை முடிந்ததும், சந்தே பார்க்க, தூக்குவாளியோடு நாலு வீடு கடந்து வந்தான். முதலில் கடையில் வாங்கி வந்தான். பிறகு அவனே சோறு வடித்துக் குழைய விட்டான், அடிபிடிக்க விட்டான். பவதாரிணி சாப்பிடும்வரை தான் தின்னாமல் உட்கார்ந்திருந்து, கடையில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்கப் பழகினான். அவளும் சொல்லப் பழகினாள். சோலையம்மாள் கட்டிலில் படுத்தபடி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு ஊமையாகக் கிடந்தாள்.

ஊமையாக இல்லை என்பது பேயாண்டிக்கு மட்டும் தெரியும். பவதாரிணி குளிக்கப் போயிருந்த ஒரு காலையில், லுங்கியைக் கொடியில் ஒழுங்காகப் போடாததற்காக, கரகரவென்று ஒரு கிழட்டு ஆட்டோ ஸ்டார்ட் ஆகிற குரலில் அவனுக்கு நல்ல வசவு ஒன்று விழுந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

"எம்புட்டு நாளா?" என்று பேயாண்டி கேட்டான்.

"பத்து நாளாச்சு. வாயத் தொறந்தேன்னா கழுத்தத் திருகிருவேன். அவன் இன்னும் ரசம் வைக்கப் படிக்கல."

அவன் ரசம் வைக்கப் படித்தான், கூட்டு வைக்கவும் படித்தான். சோலையம்மாளுக்கு அந்த நாட்கள் ஆப்பரேசனைவிட வலித்தன. தண்ணி லாரிக்காரன் பாதிச் சந்தோடு ஓடினான், அவள் தலையணையைக் கடித்துக்கொண்டாள். ரேஷன் கடைக்காரனைப் பற்றி வந்து அழுதார்கள், தலையை மட்டும் ஆட்டினாள். பயிற்சி பண்ணும்போது வேண்டுமென்றே காற்றை விட்டாள். அம்புட்டையும் முழுங்கிக்கொண்டு கிடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனுக்குப் பதிலாக ஒச்சம்மாளே சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் வந்தாள். மருமகளுக்கு முதலில் போட்டாள். "சாப்பிடு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு கட்டிலில் கிடந்தவளுக்கும் மீன்குழம்பை ஒரு கரண்டி ஊற்றினாள்.

சோலையம்மாள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். நாக்கின் ஆட்டம்தான் பாதி போயிருந்தது, ருசியில் ஒரு குறையும் இல்லை.

"உப்பை அள்ளிக் கொட்டியிருக்கியேடி, பாவி!"

தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை. சந்தின் இரண்டு முனைக்கும் கேட்டது. குரல் பழைய குரல் இல்லை, கிழிந்து தொங்கியது, ஆனால் யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பேயாண்டி தலையில் கைவைத்துக்கொண்டான். பவதாரிணி சோற்றில் கைவைத்தபடி சிலையாக இருந்தாள்.

ஒச்சம்மாள்தான் முதலில் அசைந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "கருப்பா! என் கையால ஒரு வாய் சாப்பிட்டதும் குரலைக் குடுத்துட்டியேடா!" என்று கும்பிட்டு அழுதாள். அவள் கண்ணில் வந்தது நிஜக் கண்ணீர்.

சோலையம்மாளுக்கு அவளைத் திருத்த ஆயிரம் வார்த்தை வந்தது. நெல்லிக்காயிலிருந்து தள்ளுவண்டி வரை எல்லாம் வந்தது. வதங்கிய பாதி நாக்கோடு அத்தனையையும் உள்ளேயே தள்ளினாள். பவதாரிணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கி, எல்லாம் புரிந்துபோன சிரிப்போடு.

"சாமி புண்ணியந்தான் மதினி" என்றாள் சோலையம்மாள். பிறகு பவதாரிணியின் பக்கம் திரும்பி, கரகரத்த குரலில், முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள்: "போடி. ஒன் வீட்டுக்குப் போ."